பட்டாளத்து நினைவுகளைச் சிரிக்கச் சிரிக்க எழுத: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தப் பக்கம் யாருக்கு?

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறைப் பக்கத்தில் வீட்டுப் பெரியவர் ஒருவர் பட்டாளத்தில் இருந்திருப்பார். திண்ணையில் அவர் கதை சொன்னால் தெருவே சிரித்திருக்கும். அதே கதையை எழுத்தில் கொண்டுவந்தால் சான்றிதழ் போல வறண்டுவிடுகிறது, அல்லது துணுக்குத் தோரணமாகிவிடுகிறது. இரண்டும் இல்லாமல், போரும் தெரிய வேண்டும், சிரிப்பும் வர வேண்டும் என்று நினைப்பவர்களுக்கான பக்கம் இது. மேடையில் நகைச்சுவை பேசுகிறவர்களும், தாங்களே படையில் இருந்து வந்தவர்களும் இதே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள்.

ஒரு கணக்கை முதலில் பாருங்கள். இரண்டாம் உலகப் போரில் இருந்தவர்கள் இன்று உயிரோடு இருந்தால் நூறு வயதை ஒட்டியிருப்பார்கள். ஆகவே அந்தப் போரைப் பற்றிப் பேரப்பிள்ளைகள்தான், பெட்டியில் உள்ள காகிதங்களையும் கேட்ட கதைகளையும் வைத்து எழுத வேண்டியிருக்கும். 1965, 1971 போர்களில் இருந்தவர்கள் இப்போதும் நம்மோடு இருக்கிறார்கள். உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால் மற்ற வேலையெல்லாம் அப்புறம், ஒலிப்பதிவு முதலில்.

இப்படி ஒரு எழுத்து வகைக்கு முன்மாதிரி உண்டா?

உண்டு. பிரிட்டிஷ் நகைச்சுவைக் கலைஞர் ஸ்பைக் மில்லிகன். 1918-ல் நம் நாட்டு அகமதுநகரில் பிறந்தவர். அப்பா பிரிட்டிஷ் படையில் இருந்ததால் சிறுவயது புனேயிலும் ரங்கூனிலும் கழிந்தது. 1940-ல் பீரங்கிப் படையில் சேர்க்கப்பட்டார். 56-வது கனரகப் பீரங்கி ரெஜிமென்ட். படைக்குள்ளேயே இசைக்குழு வைத்து டிரம்பெட் வாசித்தார். 1943 தொடக்கத்தில் அல்ஜீரியா, பிறகு துனிசியா, பிறகு இத்தாலி. 1944 ஜனவரியில் இத்தாலிப் போர்முனையில் மோர்ட்டார் குண்டுபட்டுக் காலில் காயம், மனமும் உடைந்தது. போருக்குப் பிறகு பி.பி.சி. வானொலியில் 1951 முதல் 1960 வரை ஓடிய ஒரு நகைச்சுவைத் தொடரால் பெரும்புகழ் பெற்றார். போர் நினைவுகளின் முதல் பாகம் 1971-ல் வந்தது, ஏழாவதும் கடைசியுமான பாகம் 1991-ல்.

அவரிடம் கற்றுக்கொள்ள மூன்று விஷயங்கள் உண்டு. முதல் பாகம் முழுவதிலும் போர்முனையே கிடையாது. இங்கிலாந்துக் கடற்கரையில் பயிற்சி, காவல், சாப்பாடு, இசைக்குழு, எல்லாம் முடிந்து அல்ஜீரியாவில் போய் இறங்குவதோடு பாகம் முடிந்துவிடுகிறது. "எங்க தாத்தா சண்டையே போடலியே, எழுத என்ன இருக்கு?" என்று கேட்கிறவர்களுக்கு இது போதுமான பதில். இரண்டாவது, ரெஜிமென்ட், ஊர், மாதம், பீரங்கியின் வகை எல்லாம் அவர் எழுத்தில் துல்லியமாக இருக்கும். பக்கத்திலேயே ஹிட்லர் பேசுவதாகக் கற்பனை உரையாடலும் இருக்கும். எது நடந்தது, எது விளையாட்டு என்று வாசகருக்குக் குழப்பமே வராது. மூன்றாவது, கூட இருந்தவர் செத்த இடத்தில் சிரிப்பு நின்றுவிடும். தன் மனம் உடைந்ததையும், பதவிப்பட்டை பறிக்கப்பட்டதையும் மறைக்காமல் எழுதினார்.

பெட்டியில் என்னென்ன தேட வேண்டும்?

படைவிலகல் புத்தகம், சம்பளப் புத்தகம், பதக்கங்கள், கடிதங்கள், ஸ்டூடியோ புகைப்படங்கள். இவற்றில் முக்கியமானது படை எண், அதாவது ஒவ்வொருவருக்கும் படை கொடுத்த தனி எண். அது கிடைத்துவிட்டால் பாதி வழி திறந்த மாதிரி.

காகிதம் இல்லாவிட்டாலும் பதக்கம் பேசும். இந்தியப் படையினருக்கு வழங்கிய இரண்டாம் உலகப் போர்ப் பதக்கங்களில் எண், பதவி, பெயர், பிரிவு ஆகியவை பொறிக்கப்பட்டிருக்கும்: வட்டப் பதக்கமானால் விளிம்பில், ஆறுமுனை நட்சத்திரமானால் பின்புறத்தில். பர்மா ஸ்டார் இருந்தால் 1941 டிசம்பருக்கும் 1945 செப்டம்பருக்கும் இடையில் கிழக்குப் போர்முனை. இத்தாலி ஸ்டார் என்றால் 1943 ஜூன் முதல் 1945 மே வரை. ஆப்பிரிக்கா ஸ்டார் என்றால் 1940 ஜூன் முதல் 1943 மே வரை. இந்தியா சர்வீஸ் மெடல், போர்க்காலத்தில் நாட்டுக்குள் மூன்று ஆண்டுகள் பணியாற்றியவர்களுக்குக் கொடுத்தது. இது மட்டும் இருந்தால் "பர்மாவில் ஜப்பான்காரனைத் துரத்தினேன்" என்ற கதையைக் கொஞ்சம் நிதானமாகக் கேளுங்கள். 1971 போருக்கு: கிழக்கு முனையில் இருந்தவர்களுக்குப் பூர்வி ஸ்டார், மேற்கில் பஸ்சிமி ஸ்டார், பொதுவாகச் சங்கராம் மெடல்.

பதக்கத்தைப் புளி போட்டுத் தேய்க்காதீர்கள். பித்தளைக் குத்துவிளக்கு போலப் பளபளக்கும், உண்மைதான். கூடவே எழுத்தும் தேய்ந்து போகும். ஏற்கெனவே தேய்ந்திருந்தால் இருட்டறையில் டார்ச்சைப் பக்கவாட்டில் தாழப் பிடித்துப் படமெடுங்கள். பள்ளத்தில் நிழல் விழுந்து எழுத்து தெரியும்.

காகிதமெல்லாம் ஈரம் பட்டு ஒட்டிக்கிடக்கிறது. என்ன செய்வது?

டெல்டாவில் இதுதான் பெரிய எதிரி. ஐப்பசி, கார்த்திகை மழையில் பெட்டியைத் திறந்து வேலை செய்யாதீர்கள். மாசி முதல் சித்திரை வரை நல்ல காலம். ஒட்டிய பக்கங்களைப் பிய்க்கக் கூடாது. நிழலில், காற்றோட்டமான இடத்தில், வெள்ளைத் துணிமேல் இரண்டு மூன்று நாள் கிடக்கட்டும். வெயிலில் வைத்தால் காகிதம் முறுகி உடையும், மையும் வெளுக்கும். லாமினேஷன் வேண்டவே வேண்டாம்: சூட்டில் பழைய மை மங்கும், ஒட்டிய பிளாஸ்டிக்கைப் பிறகு எடுக்கவே முடியாது.

ஸ்கேன் செய்யும்போது எழுத்துக் காகிதத்துக்கு 300 டி.பி.ஐ. (ஓர் அங்குலத்துக்கு இத்தனை புள்ளி என்ற அளவு), புகைப்படத்துக்கு 600. புகைப்படத்தின் பின்பக்கத்தையும் எடுங்கள். ஸ்டூடியோ முத்திரையும் ஊரும் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். அசலைத் திரும்ப வைக்கும்போது இரும்புக் கிளிப்பையும் ரப்பர் பேண்டையும் கழற்றிவிட்டு, பருத்தித் துணியில் சுற்றி, தரையிலிருந்து உயரத்தில் வையுங்கள். வசம்புப் பொடியைச் சிறு துணி முடிச்சாகக் கட்டிப் பக்கத்தில் போட்டால் இராமபாணப் பூச்சி அண்டாது. பொடி காகிதத்தில் நேரடியாகப் படக் கூடாது.

படைப்பிரிவு ஆவணங்களை எங்கே கேட்பது?

மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் நீலகிரியில் உள்ள வெலிங்டன். மெட்ராஸ் சாப்பர்ஸ், படையில் எல்லோரும் "தம்பிகள்" என்று கூப்பிடும் பொறியாளர் படை, பெங்களூர். படை எண், பெயர், பதவி, சேர்ந்த, விலகிய ஆண்டு, உங்களுக்கும் அவருக்கும் உள்ள உறவுக்கான சான்று ஆகியவற்றோடு எழுத்தில் கேட்க வேண்டும். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் போய்க் கேட்டால் எந்த ஆவண அலுவலகத்துக்கு எழுதுவது என்று சொல்வார்கள். போர் முடிந்ததும் ஓய்வூதியம் இல்லாமல் வெளியே வந்தவர்களின் தனிக்கோப்பு இன்று இல்லாமல் போயிருக்க வாய்ப்பு அதிகம். அதனால் மனம் தளர வேண்டாம், அவருடைய பிரிவின் கதை இருக்கிறது.

பிரிவின் கதை போர் நாட்குறிப்பில் இருக்கும். ஒவ்வொரு பட்டாலியனும் போர்க்காலத்தில் நாள்தோறும் எழுதிவைத்த பதிவு அது: எங்கே முகாம், எப்போது நகர்ந்தது, மழையா, யார் காயம். லண்டனில் கியூ (Kew) என்ற இடத்தில் உள்ள பிரிட்டன் தேசிய ஆவணக் காப்பகத்தில் இந்த நாட்குறிப்புகள் வரிசை எண் வாரியாக இருக்கின்றன. மத்தியக் கிழக்குப் படைகளுக்கு டபிள்யூ.ஓ. (WO, போர் அலுவலகம்) 169, இத்தாலி முனைக்கு 170, பர்மா உள்ளிட்ட தென்கிழக்கு ஆசியாவுக்கு 172. அட்டவணையை இணையத்தில் இலவசமாகத் தேடலாம். பட்டாலியன் எண்ணும் ஆண்டும் சரியாக இருந்தால் போதும்.

செத்துப்போன தோழர்களின் பெயர்களைக் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் தளத்தில் சரிபாருங்கள். ரங்கூன் நினைவிடத்தில் மட்டும் ஏறக்குறைய 27,000 பெயர்கள் உள்ளன. பெயரை எழுத்துக் கூட்டிய விதம் மாறியிருக்கும். ஒரே பெயருக்கு நான்கைந்து எழுத்துக்கூட்டலாவது போட்டுப் பாருங்கள்.

அவர் சொல்லும் ஆண்டு எதனோடும் ஒத்துவரவில்லையே?

ஆண்டைக் கேட்காதீர்கள். பெரியவர்கள் ஆங்கில ஆண்டில் நினைவு வைத்திருப்பதில்லை. "நீங்க லீவுல வந்தப்போ வயல்ல என்ன வேலை நடந்துச்சு?" என்று கேளுங்கள். சம்பா அறுப்பு என்றால் தை, மாசி. குறுவை நடவு என்றால் மேட்டூர்த் தண்ணீர் வந்த பிறகு, ஆனி, ஆடி. புயல்கள் நல்ல அடையாளம்: 1952 நவம்பர் கடைசியில் நாகப்பட்டினத்தை அடித்த புயல், 1964 டிசம்பரில் தனுஷ்கோடி, 1977 நவம்பரில் மறுபடியும் நாகை. கும்பகோணத்து மகாமகம் 1968, 1980 என்று வரும். தமிழ் வருடப் பெயர் சொன்னால் இன்னும் நல்லது: சித்திரபானு 1942-43, தாரண 1944-45, விரோதகிருது 1971-72.

அடுத்தபடி, அசையாத தேதிகளோடு உரசிப் பாருங்கள். சிங்கப்பூர் வீழ்ந்தது 15-2-1942. கோஹிமாச் சண்டை 1944 ஏப்ரல் முதல் ஜூன் வரை. டாக்காவில் பாகிஸ்தான் படை சரணடைந்தது 16-12-1971. நம் பக்கத்திலிருந்து மலேயா போய் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் வீட்டில் "நேதாஜியை நேரில் பார்த்தார்" என்ற கதையும் இருக்கும். நேதாஜி சிங்கப்பூர் வந்தது 1943 ஜூலையில். அதற்கு முன்பே ஊர் திரும்பிவிட்டவர் அங்கே அவரைப் பார்த்திருக்க முடியாது. பெரியவரை மறுத்துப் பேச வேண்டாம். அந்த வரியை மட்டும் புத்தகத்தில் சேர்க்காதீர்கள்.

ஒலிப்பதிவு எப்படிச் செய்வது?

காலை நேரம் நல்லது. மின்விசிறியை நிறுத்த வேண்டும், அதன் இரைச்சல் பேச்சை விழுங்கிவிடும். மதியப் புழுக்கத்தில் வயதானவரை விசிறி இல்லாமல் உட்காரவைக்க முடியாது. கைபேசியை அவரிடமிருந்து ஒரு முழம் தள்ளி, மடித்த துண்டின்மேல் வையுங்கள். ஒரு அமர்வு நாற்பது நிமிடம், அதற்கு மேல் போனால் கதை தானாகச் சுருங்கும். பதிவை வாட்ஸ்அப்பில் ஒலியாக அனுப்பாமல் ஆவணமாக அனுப்பினால் தரம் குறையாது.

"சிரிப்பா ஏதாச்சும் சொல்லுங்க தாத்தா" என்று கேட்டால் எதுவும் வராது, வந்தாலும் ஏற்கெனவே நூறு தடவை சொன்னதுதான் வரும். நடைமுறையைக் கேளுங்கள். விடியக்காலை எத்தனை மணிக்கு எழுப்புவார்கள்? கக்கூஸ் எத்தனை பேருக்கு எத்தனை? லங்கரில் (படைச் சமையற்கூடத்தில்) சோறா, ரொட்டியா? சோறு மட்டுமே தின்று வளர்ந்தவருக்கு முதல் வாரம் ரொட்டி எப்படி இறங்கியது? இந்துஸ்தானி புரியாதபோது உத்தரவு என்னவென்று எப்படித் தெரிந்துகொண்டார்? ரம் குடிக்காதவர் தன் பங்கை யாருக்கு, எதற்கு மாற்றிக் கொடுத்தார்? சிரிப்பு இந்தப் பதில்களுக்குள்தான் இருக்கிறது.

ஒரே கதையை இரண்டு வாரம் கழித்து மறுபடி கேளுங்கள். இரண்டு முறையும் மாறாமல் வரும் விவரங்கள் பெரும்பாலும் நடந்தவை. மாறுகிற பகுதி அவருடைய கலை. இரண்டும் வேண்டும், ஆனால் எது எது என்று உங்கள் குறிப்பில் இருக்க வேண்டும். பதிவின்போது நீங்கள் சத்தமாகச் சிரித்தால் அவர் மேடைக்குத் தாவிவிடுவார், விவரம் போய்விடும்.

சொன்னால் சிரிப்பு வருகிறது, எழுதினால் வரவில்லை. ஏன்?

பேச்சில் குரலும் முகமும் கையும் வேலை செய்கின்றன. எழுத்தில் அந்த வேலையை வரிசையும் விவரமும்தான் செய்ய வேண்டும். விளக்கத்துக்காக நாங்களே அமைத்த ஒரு எடுத்துக்காட்டு:

"எனக்குக் கொடுத்த பூட்ஸ் மிகப் பெரியதாக இருந்ததால் அணிவகுப்பில் நான் தடுமாறி விழுந்தேன். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்!"

இதையே இப்படி எழுதலாம்: "ஏழாம் நம்பர் பூட்ஸ் கேட்டேன். பத்தாம் நம்பர் கொடுத்தார்கள். மறுநாள் பரேடில் 'லெப்ட் டர்ன்' என்றார் ஹவில்தார். நான் திரும்பினேன். பூட்ஸ் திரும்பவில்லை."

இரண்டாவதில் எண் இருக்கிறது, உத்தரவு இருக்கிறது, சிரிப்புக்குரிய சொல் கடைசியில் இருக்கிறது. யாரும் சிரித்ததாக எழுதவில்லை. கதைக்குள் இருப்பவர் சிரித்துவிட்டால் வாசகருக்குச் சிரிக்க வேலை இருக்காது. காரணத்தை விளக்கும் "இருந்ததால்", "என்பதனால்" போன்ற சொற்களை எடுத்துவிட்டு வாக்கியங்களை உடைத்துப் பாருங்கள். ஆச்சரியக்குறியை அடியோடு நீக்குங்கள்.

அடிக்கடி நேரும் இன்னொரு பிழை நெருக்கம். வரிக்கு ஒரு சிரிப்பு வைத்தால் இரண்டாம் பக்கத்திலேயே வாசகர் களைத்துவிடுவார். பட்டாளத்து வாழ்க்கையில் காத்திருப்புதான் அதிகம். ரயிலுக்கு, சாப்பாட்டுக்கு, கடிதத்துக்கு, உத்தரவுக்கு. அந்தக் காத்திருப்பை எழுத்திலும் விடுங்கள். முகாம் எப்படி இருந்தது, மழை எப்படிப் பெய்தது என்று ஒரு பத்தி நேராகச் சொன்ன பிறகு வரும் சிரிப்புக்குப் பலம் அதிகம்.

போரைக் கேலி செய்வது தவறில்லையா?

சிரிப்பு யார்மேல் விழுகிறது என்று பாருங்கள். உத்தரவுமேல், படிவத்தின்மேல், பூட்ஸ்மேல், சாப்பாட்டின்மேல், தன்மேல் விழட்டும். செத்தவர், பிடிபட்ட எதிரி, அந்தந்த ஊர்ப் பெண்கள், இவர்கள்மேல் விழக் கூடாது. சாதியைச் சொல்லியும் மொழியைச் சொல்லியும் சிரிப்பது அந்தக் காலப் படைமுகாமில் நிறைய இருந்தது. அன்று ஆளெடுத்ததே வகுப்பு வாரியாகத்தான். தோட்டி வேலைக்கும் தண்ணீர் சுமக்கவும் வந்தவர்களைப் பற்றிய கதைகளில் அது அப்படியே தங்கியிருக்கிறது. பெரியவர் சொன்னார் என்பதற்காக அதைச் சிரிப்பாகவே அச்சில் ஏற்றாதீர்கள். வெட்டுங்கள், அல்லது அன்று இப்படித்தான் நடத்தினார்கள் என்று நேராக எழுதுங்கள்.

மரணம் வரும் இடத்தில் நகைச்சுவையை முழுக்க இறக்கிவைத்துவிடுங்கள். மில்லிகன் காயம்பட்ட அதே குளிர்காலம், அதே இத்தாலியில், 24-2-1944 அன்று மிக்னானோ அருகே கண்ணிவெடி அகற்றும்போது, வெடிக்கப்போகும் கண்ணிமேல் தானே விழுந்து கூட இருந்தவர்களைக் காப்பாற்றிச் செத்தார் மெட்ராஸ் சாப்பர்ஸின் சுபேதார் சுப்பிரமணியம். செங்கல்பட்டு மாவட்டத்துக்காரர். வீரத்துக்கான ஜார்ஜ் சிலுவை விருது கொடுத்தார்கள். இப்படி ஒரு செய்தி உங்கள் கதைக்குள் வந்தால் பெயர், நாள், இடம், நடந்தது, அவ்வளவுதான் எழுத வேண்டும். அடுத்த அத்தியாயத்தின் முதல் வரியிலேயே சிரிப்பு மூட்டி வாசகரைத் தேற்ற முயலாதீர்கள்.

எந்த அளவுக்கு மிகைப்படுத்தலாம்?

உரையாடலை, மனதில் ஓடியதை, பசியின் அளவை, சுபேதாரின் குரலை மிகைப்படுத்தலாம். தேதி, இடம், பிரிவு, பதக்கம், யார் செத்தார், யார் சுட்டார் ஆகியவற்றில் கை வைக்கவே கூடாது. மிகை என்றால் நம்ப முடியாத அளவுக்கு மிகையாக இருக்கட்டும். பாதி நம்பும்படியான மிகைதான் ஆபத்து, அதைப் பேரன் பேத்தி வரலாறாக எடுத்துக்கொள்வார்கள்.

எந்தத் தமிழில் எழுதுவது?

கதை சொல்வது எளிய எழுத்துத் தமிழில், பேச்சு பேச்சாக. தஞ்சாவூர்ப் பேச்சு முழுப் புத்தகத்துக்கும் ஓடினால் வெளியூர் வாசகர் தடுமாறுவார். இந்திக் கட்டளைகளைக் காதில் விழுந்தபடியே எழுதி, அர்த்தத்தை அதே வாக்கியத்துக்குள் காட்டிவிடுங்கள்: "'சாவ்தான்' என்றதும் குதிகால் சேர்ந்து நெஞ்சு நிமிரும்."

பெயர்களை அப்படியே போடலாமா?

இறந்தவரைப் பெருமையாகச் சொல்லும் இடத்தில் போடலாம். கேலிக்கு ஆளாகிறவர், தண்டனை பெற்றவர், ஓடிப்போனவர், இவர்களுடைய பெயரையும் ஊரையும் மாற்றுங்கள். மாற்றியிருப்பதை முன்பக்கத்தில் ஒரு வரியில் சொல்லிவிடுங்கள். இப்போதும் பணியில் இருப்பவர் எழுதுவதானால் மேலதிகாரியின் எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் வெளியிடக் கூடாது. ஓய்வு பெற்றவர்களும் சங்கேதக் குறியீடு, ஆயுத இருப்பு, காவல் அமைப்பு போன்றவற்றைத் தொடாதீர்கள். 1923-ஆம் ஆண்டின் அரசு இரகசியச் சட்டம் இன்றும் நடப்பில் உள்ளது.

பெரியவர் இறந்துவிட்டார், ஒலிப்பதிவும் இல்லை. இனி முடியாதா?

முடியும். ஆனால் அவர் குரலில், "நான்" என்று எழுதாதீர்கள். வீட்டில் நான்கு பேரிடம் தனித்தனியாக ஒரே கதையைக் கேளுங்கள். அத்தை சொல்வதும் சித்தப்பா சொல்வதும் மாறும். அந்த மாறுபாடுகளையே பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுதினால் அதுவே நல்ல நகைச்சுவையாக அமையும், உண்மையும் கெடாது. போர் நாட்குறிப்பிலிருந்து எடுத்த ஒரு வரியை இடையில் வையுங்கள்: வீட்டுக் கதையில் தாத்தா தனியாளாகப் பாலத்தைக் காத்த அன்று பட்டாலியன் மழையில் கூடாரம் அடித்துக்கொண்டிருந்ததாக அதில் இருக்கலாம்.

எத்தனை பக்கம், எத்தனை பிரதி?

டெமி என்ற வழக்கமான புத்தக அளவில் ஒரு பக்கத்துக்குச் சுமார் 220 முதல் 250 சொல் பிடிக்கும். முப்பதாயிரம் சொல் எழுதினால் 130 பக்கத்தை ஒட்டி வரும். அச்சு பதினாறு பக்கப் படிவமாக ஓடுவதால் 128 அல்லது 144-ல் முடித்தால் வெற்றுத்தாள் விழாது. உள்ளே 70 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 70 கிராம்) எடையுள்ள மேப்லித்தோ காகிதம் போதும். புகைப்படங்களை மட்டும் தனியாக ஆர்ட் பேப்பரில் எட்டுப் பக்கமாகச் சேர்த்தால் முகம் தெளிவாக விழும். முதலில் தேவைக்கேற்ப அச்சிடும் முறையில் ஐம்பது பிரதி எடுங்கள். உறவினரும் உடன் பணியாற்றியவர்களும் படித்துச் சொல்லும் திருத்தங்கள் நிச்சயம் வரும். அவற்றைச் சேர்த்த பிறகு பெரிய அச்சுக்குப் போகலாம்.

புத்தகத்தை அடையாளம் காட்டும் ஐ.எஸ்.பி.என். எண்ணை ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமையிடம் இலவசமாக வாங்கலாம், கட்டணம் கேட்கும் இடைத்தரகர் தேவையில்லை. 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி வெளியிடும் புத்தகத்தைக் கல்கத்தா தேசிய நூலகத்துக்கும் சென்னை கன்னிமாரா உள்ளிட்ட பொது நூலகங்களுக்கும் அனுப்ப வேண்டும். கூடவே ஒரு பிரதியை அவருடைய ரெஜிமென்ட் மையத்துக்கும் அனுப்பிவையுங்கள், முகவரிக் கடிதத்தில் படை எண்ணைக் குறிப்பிட்டு.